வரைபடத்துக்கு எந்த எழுத்து?

ஆரணிப் பட்டுச் சேலையில் நாம் பார்க்கும் மாங்காயும் மயிலும் தறிக்கு வருவதற்கு முன்னால் ஒரு கட்டத்தாளில் இருந்தவை. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த நெசவூரில் டிசைன் போடுகிறவர் முதலில் கிராஃப் தாளைத்தான் விரிப்பார். அதில் செங்குத்தாக ஓடும் ஒவ்வொரு வரிசையும் பாவிலுள்ள ஓர் இழை அல்லது ஒன்றாகச் சேர்ந்து எழும்பும் சில இழைகள். படுக்கையாக ஓடும் ஒவ்வொரு வரிசையும் நாடா ஒருமுறை ஓடும் ஊடை. மை நிரப்பிய சதுரத்தில் ஜரிகை மேலே தெரியும், வெற்றுச் சதுரத்தில் மறையும். தாளைப் பார்த்து அட்டை குத்துவார்கள். அட்டையின் துளைக்கு ஏற்ப ஜக்கார்டு பெட்டியின் கொக்கி எழும்பி, தன்னோடு கட்டிய இழைகளைத் தூக்கும். பிரான்ஸில் ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804-இல் உருக்கொடுத்த முறை இது. 1983-இல் மின்னணு ஜக்கார்டு அறிமுகமாகி, அட்டையின் இடத்தைக் கணினிக் கோப்பு பிடிக்கத் தொடங்கியது. சதுரம் மட்டும் மாறவில்லை.

பார்வைக்கு ஓவியம் போல இருந்தாலும் இந்தத் தாள் ஒரு தொழில்நுட்ப வரைபடம். வரைந்தவர் பக்கத்தில் இல்லாதபோதும் வேறொருவர் அதைப் பார்த்துப் பொருளைச் செய்து முடிக்க வேண்டும், எண்ணிக்கையில் ஓர் இழைகூடப் பிசகக் கூடாது. வீட்டு பிளானுக்கும் அரிசி ஆலைக்கான எந்திரப் படத்துக்கும் இதே இலக்கணம்தான்.

மணமக்கள் பெயரை முந்தியில் நெய்து தரச் சொல்லும் வழக்கம் பட்டு நெசவூர்களில் இப்போது உண்டு. பெயர் வந்தவுடன் டிசைன் போடுகிறவர் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. எந்த எழுத்தைப் போடுவது?

ஆங்கிலப் பெரிய எழுத்து என்றால் வேலை எளிது. அகலத்தில் 5 சதுரம், உயரத்தில் 7 சதுரம் இருந்தால் 26 எழுத்தையும் 10 எண்ணையும் ஒன்றோடு ஒன்று குழம்பாமல் போட்டுவிடலாம். பழைய மின்பலகைகளும் தொடக்ககால டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகளும் இந்த 5-க்கு 7 கட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. தமிழுக்கு அந்த இடம் போதாது. ‘ண’வை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ன’விலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு கூடுதல் சுழி. ஒவ்வொரு நிலைக்கோட்டுக்கும் ஒரு சதுரம், இரண்டு கோட்டுக்கு நடுவில் குறைந்தது ஒரு வெற்றுச் சதுரம் என்று கணக்குப் போட்டால், ஆங்கிலத்தின் அகலமான ‘எம்’ எழுத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலத்தை ‘ண’ கேட்கும். ‘ணு’ இன்னும் கேட்கும். உயரத்திலும் இதே நெருக்கடி. மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’யின் வளைவும் ஏற வேண்டும், கீழே ‘பு’, ‘பூ’வின் கால்கள் இறங்க வேண்டும். 7 சதுரத்துக்குள் இவை எல்லாவற்றையும் அடைத்தால் நடு எழுத்துக்கு மிஞ்சுவது மூன்றோ நான்கோ வரிசைதான்.

நூலின் இயல்பு தரும் கட்டுப்பாடுகள் இதற்கு மேல். ஓர் அங்குலத்தில் பாவு எத்தனை இழை, ஊடை எத்தனை இழை என்ற விகிதத்துக்கு ஏற்பத்தான் கிராஃப் தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால்தான் நெசவுக் கிராஃப் தாள்கள் 8-க்கு 8, 8-க்கு 10, 8-க்கு 12 என்று பலவாறாகக் கிடைக்கின்றன. தாள் தவறினால் வட்டமாகப் போட்ட ‘உ’ சேலையில் சப்பையாகப் படுத்துவிடும். ஜரிகை மேலே நீண்ட தூரம் பிடிப்பில்லாமல் ஓடினால் வளையலும் மெட்டியும் அதை இழுத்துவிடும். ஆகவே ‘ப’, ‘க’, ‘ட’ போன்றவற்றின் நீண்ட கிடைக்கோட்டை இடையிடையே பாவு இழையால் கட்ட வேண்டும். சாய்கோடு எதுவானாலும் படிக்கட்டாக மாறும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு, கையில் சேலையை எடுத்துப் பார்க்கும் பெண்ணுக்குப் பெயர் பெயராகத் தெரிய வேண்டும்.

துணி அடர்த்தியாக இருந்தால் எழுத்து எவ்வளவு நுணுக்கமாகவும் வரும் என்பதற்குச் சான்று பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கிறது. 1886, 1887-இல் அங்கே ஒரு ஜெபப் புத்தகத்தை முழுக்கப் பட்டிலேயே நெய்தார்கள். அங்குலத்துக்குச் சுமார் 400 ஊடை. எழுத்தும் ஓரச் சித்திரமும் அச்சடித்தது போல இருக்கும். அதற்குத் தேவைப்பட்ட துளையட்டைகள் லட்சத்தைத் தாண்டின. சாதாரணத் தறியில் அந்த ஆடம்பரம் நடக்காது. அங்குலத்துக்கு 100 இழை என்று வைத்துக்கொண்டு, ஒரு சதுரத்துக்கு இரண்டு இழை கொடுத்தால், 5 சதுர அகல ஆங்கில எழுத்து இரண்டரை மி.மீ. இடத்தில் முடிந்துவிடும். ‘ண’ ஐந்தரை மி.மீ. கேட்கும். கட்டத்தாள்காரர் இந்தக் கணக்கைத் தினமும் போடுகிறார். எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது எழுதப்படும் பொருள்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே ஊரில் கணினி முன்னால் உட்கார்ந்து வீட்டு பிளான் போடும் டிராப்ட்ஸ்மேன் ஒருவருக்கு எந்த எழுத்து என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. மென்பொருளைத் திறந்தால் ஓர் எழுத்துரு முன்பே அங்கே காத்திருக்கும். யாரோ, எங்கோ, எப்போதோ வேறு காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. அதை மாற்றாமல் பெரும்பாலோர் வேலையை முடித்துவிடுகிறார்கள். முன்னமைவு எழுத்துருவின் வல்லமை அங்கேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வரைபடங்களின் தெளிவை ஒரே ஒரு முடிவு தீர்மானித்துவிடுகிறது. அந்த முடிவை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கு நல்ல அறிவியல் இருக்கிறது.

முதலில் கண். சாதாரணப் பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு கோண இடைவெளியைப் பிரித்தறிய முடியும். ஓர் எழுத்தை அடையாளம் காண அதைப் போல 5 மடங்கு உயரம் வேண்டும். டச்சு நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862-இல் வெளியிட்ட கண் பரிசோதனை அட்டையின் எழுத்துகள் 5-க்கு 5 சதுரத்தில் அமைந்ததும் இந்தக் கணக்கில்தான். மேசையில் விரித்த தாளை 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தால் இந்த எல்லை ஏறக்குறைய 0.87 மி.மீ. அது கண் தோற்றுப்போகும் எல்லை. சிரமமில்லாமல் படிக்க அதைப் போல மூன்று மடங்காவது வேண்டும் என்று கொண்டால் விடை இரண்டரை மி.மீ.க்குப் பக்கத்தில் வரும்.

வரைபட எழுத்துக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 3098 தன் முதல் பதிப்பில் சொன்ன குறைந்தபட்ச உயரமும் 2.5 மி.மீ.தான். இந்தியாவில் ஐ.எஸ். 9609 அந்தத் தரத்தைப் பின்பற்றுகிறது. பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் கையில் இருக்கும் எஸ்.பி. 46 என்ற நூலும் அந்தத் தரத்தையே சொல்லித்தருகிறது. 2.5-இலிருந்து தொடங்கி உயரங்களை வரிசையாகப் பாருங்கள்: 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மி.மீ. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல சுமார் 1.4 மடங்கு, அதாவது 2-இன் வர்க்கமூலம். ஏ4, ஏ3, ஏ2, ஏ1 தாள்களின் பக்க அளவும் இதே விகிதத்தில்தான் வளர்கிறது. ஏ2 தாளில் போட்ட 5 மி.மீ. எழுத்தை ஏ3-க்குச் சுருக்கினால் ஏறக்குறைய 3.5 மி.மீ. எழுத்து கிடைக்கும். பேனா முனைகளும் அப்படியே: 0.25, 0.35, 0.5, 0.7. சுருக்கினாலும் பெருக்கினாலும் கோடும் எழுத்தும் தரத்துக்குள்ளேயே நிற்கும். இவ்வளவு அழகான கணக்கு பொறியியலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

தரத்தில் இரண்டு வகை உண்டு. ஏ வகையில் கோட்டின் தடிமன் உயரத்தில் 14-இல் ஒரு பங்கு, பி வகையில் 10-இல் ஒரு பங்கு. நிமிர்ந்த பி வகைக்கே முன்னுரிமை. 3.5 மி.மீ. எழுத்துக்கு 0.35 மி.மீ. பேனா என்று நினைவில் வைப்பதும் எளிது. முக்கியமானது, தடிமன் எழுத்து முழுவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற விதி. அந்தக் காலத்தில் ஏ0 அளவுப் படத்தை 35 மி.மீ. மைக்ரோஃபிலிமில் ஏறக்குறைய 30 மடங்கு சுருக்கிச் சேமித்தார்கள். தடித்தும் மெலிந்தும் ஓடும் அழகெழுத்தை அப்படிச் சுருக்கினால் மெலிந்த கோடு முதலில் மறையும், பிறகு தடித்த கோட்டின் நடு வெளி அடைபடும். ‘6’ என்பது ‘8’ ஆகிவிடும். ‘3’ என்பதும் ‘8’ ஆகிவிடும். 12.5 என்ற அளவில் புள்ளி மறைந்தால் 125. ஒரு செய்தித்தாளில் எழுத்து கெட்டால் வாசகர் வாக்கியத்தை வைத்து ஊகித்துக்கொள்வார். வரைபடத்தில் ஓர் எண்ணுக்கு முன்னும் பின்னும் வாக்கியம் இல்லை. ஊகித்தால் கம்பியோ தூணோ தப்பாகப் போகும்.

ஆகவே நல்ல வரைபட எழுத்துக்கு நான் வைக்கும் முதல் தகுதி, சிதைந்த பிறகும் அது வேறொன்றாக மாறாமல் இருப்பது. நன்றாக அச்சான தாளில் எல்லா எழுத்தும் தெளிவாகத்தான் இருக்கும். மடித்து, வியர்வை பட்டு, நகலுக்கு நகல் எடுத்து, சிமென்ட் தூசியில் கிடந்த தாளில் எது தப்பிக்கிறது என்பதே கேள்வி.

கணினிக்கு இந்த எழுத்து வந்த வழி சுவையானது. அமெரிக்கக் கடற்படையின் டால்கிரன் ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹெர்ஷி என்ற இயற்பியலாளர் 1967-இல் எழுத்துகளை நேர்கோட்டுத் துண்டுகளின் வரிசையாக மாற்றி வெளியிட்டார். பேனாவை இங்கே வை, அங்கே இழு, எடு என்பது போன்ற கட்டளைகள். லத்தீன், கிரேக்கம், சிரில்லிக் எழுத்துகளோடு நூற்றுக்கணக்கான ஜப்பானிய எழுத்துகளையும் அவர் அப்படிப் பிரித்தார். 1982-இல் ஆட்டோகேட் வந்தபோது அதன் முன்னமைவு எழுத்து மிகச் சில கோடுகளால் ஆனது. அன்றைய கணினியின் வேகத்துக்கு அதுதான் தாங்கியது. அதனோடு கிடைத்த ‘சிம்ப்ளெக்ஸ்’, ‘ரோமன் சிம்ப்ளெக்ஸ்’ போன்றவை ஹெர்ஷியின் எழுத்து மரபில் வந்தவை. உண்மையான பேனாவைப் பிடித்து வரையும் பிளாட்டர்களுக்கு இந்த ஒற்றைக்கோட்டு எழுத்து மட்டுமே பொருந்தும். இங்க்ஜெட் வந்து பேனா போன பிறகும் அந்த எழுத்து நிலைத்ததற்குக் காரணம், படத்தின் கோடும் எழுத்தின் கோடும் ஒரே தடிமனில் ஒத்துப்போவது. இலவச மென்பொருளான ஃப்ரீகேட், வரைபடத் தாள்களுக்கு ஐ.எஸ்.ஓ. வடிவத்தைப் பின்பற்றும் ‘ஓசிஃபான்ட்’டை முன்னமைவாக வைத்தது. நல்ல முடிவு என்றே சொல்வேன்.

இனி தமிழுக்கு வருவோம். ஐ.எஸ்.ஓ. 3098-இல் லத்தீனுக்கு ஒரு பகுதி, கிரேக்கத்துக்கு ஒரு பகுதி, சிரில்லிக்குக்கு ஒரு பகுதி உண்டு. தமிழுக்கு இல்லை. ஹெர்ஷியின் தொகுப்பிலும் தமிழ் இல்லை. ஆட்டோகேட்டின் பழைய கோட்டெழுத்தை வைத்துக்கொண்டு ‘சமையலறை’ என்று தட்டினால் திரையில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். புதிய கோட்டெழுத்து ஒன்றை நாமே செய்து சேர்த்தாலும் சிக்கல் தீராது. ‘கொ’ என்பது கணினியின் நினைவில் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி என்று இருக்கும். திரையில் வரும்போது கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். அந்தப் பழைய எழுத்து முறைக்கு வந்த வரிசையில் வரையத்தான் தெரியும், இடம் மாற்றி அடுக்கத் தெரியாது. ட்ரூடைப் எழுத்துருவை வைத்தால் தமிழ் ஒழுங்காக வரும். ஆனால் அது புற எல்லையை வரைந்து உள்ளே மை நிரப்பும் எழுத்து, ஒற்றைக்கோடு அல்ல. சி.என்.சி. எந்திரத்தில் பெயர்ப்பலகை செதுக்குகிறவர்கள் இதன் தொல்லையை நன்றாக அறிவார்கள். ஒரு கோட்டில் முடிய வேண்டிய ‘க’வை எந்திரம் இரண்டு கரையாகச் சுற்றி வரும்.

பழைய குறியீட்டு முறைகளில் போட்ட படங்கள் இன்னொரு தொல்லை. தமிழ் 1991-இலேயே யூனிகோடுக்குள் வந்துவிட்டது. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றது. ஆனாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அறைப் பெயர்கள் அர்த்தமில்லாத லத்தீன் எழுத்துக் கோவைகளாக மாறிவிடும். வரைபடத்தில் இது எரிச்சலோடு நிற்காது. எழுத்துரு மாறும்போது அகலமும் மாறி, பக்கத்திலிருக்கும் அளவுக் கோட்டின் மேல் ஏறிவிடும். விட்டத்தைக் குறிக்கும் வட்டக்குறி புதிய எழுத்துருவில் இல்லையென்றால் வெறும் பெட்டியாக வரும்.

தமிழில் எந்த எழுத்துகள் சிதைந்தால் எவையாக மாறும் என்று ஒரு வரைபடக்காரர் பட்டியல் வைத்திருக்க வேண்டும். ‘ர’வின் சாய்ந்த கால் மறைந்தால் துணைக்கால். ‘ள’வும் ஔகாரத்தின் பின்பகுதியும் பார்வைக்கு ஒன்று. ‘எ’வையும் ‘ஏ’வையும் பிரிப்பது கீழே ஒரு சிறு கோடு, கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரிப்பது மேலே ஒரு சிறு சுழி. வீட்டு பிளானில் ‘அறை’யும் வரும், ‘அரை’ச் செங்கல் சுவரும் வரும். ‘ற’வின் வால் போய்விட்டால் இரண்டுக்கும் இடைவெளி குறைந்துவிடும். அளவுகளையும் தமிழ் எண்களில் எழுதலாமே என்று ஆர்வத்தோடு கேட்பவர்கள் உண்டு. தமிழ் எண் ஒன்று ‘க’வைப் போலவும், இரண்டு ‘உ’வைப் போலவும், ஏழு ‘எ’வைப் போலவும், எட்டு ‘அ’வைப் போலவும் இருக்கிறது. தூண்களுக்கு க, உ என்று பெயர் வைத்து, பக்கத்தில் அளவையும் அதே வடிவில் எழுதினால் கட்டடம் என்ன ஆகும்? தமிழ் எண்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அளவுக் கோட்டின் மேல் அவை வரக் கூடாது என்பதே என் முடிவு.

இன்றைய மைக்ரோஃபிலிம் கைப்பேசி. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரி பெரிய தாளை விரிப்பது குறைந்துவிட்டது. பொறியாளர் அனுப்பிய படத்தை வாட்ஸ்அப்பில் திறந்து, விரலால் பெருக்கிப் பார்க்கிறார். ஏ1 தாளின் நீளம் 841 மி.மீ. அந்தப் படம் அனுப்பும் வழியில் நீளவாக்கில் 1600 புள்ளியாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு அரை மி.மீ.க்குச் சற்று அதிகம். 3.5 மி.மீ. உயர எழுத்துக்குக் கிடைப்பது 6 முதல் 7 புள்ளி. 5 மி.மீ.க்கு 9 முதல் 10. 7 மி.மீ.க்கு 13. இந்த எண்களை ஆரணிக் கட்டத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 7 சதுரம் வேண்டும் என்றோமே, 3.5 மி.மீ. எழுத்து அந்த விளிம்பில்தான் நிற்கிறது. ஆங்கிலம் தப்பிவிடும். அதே உயரத்தில் போட்ட தமிழ் தப்பாது. விரலால் எவ்வளவு பெருக்கினாலும் இல்லாத சுழி திரும்பி வராது. தமிழ் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று எழுத்துருவைக் குறை சொல்வதில் பயனில்லை. தமிழுக்குத் தேவையான சதுரங்களை நாம் கொடுக்கவில்லை.

பட்டுத்தறியும் கைப்பேசித் திரையும் இந்த இடத்தில் ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன. எந்த நவீன வரைபடமும் கடைசியில் சதுரங்களாக உடைந்துதான் பார்ப்பவர் கண்ணுக்குப் போகிறது. எத்தனை சதுரம் இருந்தால் எந்த எழுத்து நிற்கும் என்ற அறிவு கட்டத்தாள் போடுகிறவர்களிடம் தலைமுறையாக இருக்கிறது. எழுத்துரு வடிவமைப்பாளர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் ஆசை.

ஒற்றைக்கோட்டுத் தமிழ் நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. பனையோலையில் எழுத்தாணி கீறிய கோடு ஏறக்குறைய ஒரே தடிமன்தான். நூற்றாண்டுக் கணக்கில் தமிழ் அப்படித்தான் எழுதப்பட்டது. தடித்தும் மெலிந்தும் ஓடும் வடிவம் அச்செழுத்தில்தான் பெரிதாக வேரூன்றியது. ஓலையின் இயல்புக்கு விட்டுக்கொடுத்துச் சுவடி எழுதியவர்கள் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்திலேயே தெளிவாகக் காட்ட வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் வழி செய்தார். பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978-இல் ஆணையாக்கியது. ‘னை’, ‘லை’, ‘ணா’, ‘றா’ ஆகியவை மற்ற எழுத்துகளின் ஒழுங்குக்கு வந்ததால் அச்சுக்கோப்பதும் தட்டச்சும் எளிதாயின. ஓலைக்கும் அச்சுக்கும் தட்டச்சுக்கும் தன் வடிவத்தைச் சரிசெய்துகொண்ட எழுத்து வரைபடத்துக்கும் சரிசெய்துகொள்ளும்.

அந்த வேலையும் மலையளவு பெரிதல்ல. உயிர் 12, ஆய்தம் 1, மெய்யின் அடிவடிவம் 18. உகர, ஊகார வரிசைகள் எழுத்துக்கு எழுத்து மாறுவதால் அவற்றுக்கு 36. புள்ளி, கால், கொம்பு, விலங்கு போன்ற குறிகள், தனி வடிவம் எடுக்கும் ‘டி’, ‘டீ’ ஆகியவற்றையும் சேர்த்தால் 80-ஐ ஒட்டி நிற்கும். கிரந்தத்துக்கு இன்னும் சில. நூற்றுக்கணக்கான ஜப்பானிய எழுத்தை 1967-இல் ஒருவர் கோடு கோடாகப் பிரித்தாரே, அதோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை.

அவசரமும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் பொறியியலைத் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழில் படிக்கும் மாணவர் வரைபடத் தாளில் தமிழில் எழுதும்போது எந்த உயரத்தில், எந்தத் தடிமனில், எந்த இடைவெளியில் எழுத வேண்டும் என்று சொல்ல ஒரு தரம் வேண்டும். ‘நடு எழுத்து’ இவ்வளவு, மேலே புள்ளிக்கு இவ்வளவு, கீழே உகரத்துக்கு இவ்வளவு என்று உயரத்தைப் பங்கு பிரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்கான விதியை அப்படியே தூக்கித் தமிழின் மேல் வைப்பது சரிப்படாது.

தரம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வரைபடம் போடுகிறவர்கள் இன்றே சில முடிவுகளை எடுக்கலாம். அளவுகளுக்கும் எண்களுக்கும் நிமிர்ந்த ஐ.எஸ்.ஓ. பி வகையை முன்னமைவாக வையுங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு யூனிகோடு எழுத்துரு மட்டும் போடுங்கள். தடிமன் சீராகவும் சுழியின் உள்வெளி அகலமாகவும் இருக்கும் எழுத்துருவாகப் பாருங்கள். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கட்டமரன்’ பெரும்பாலும் ஒரே தடிமனில் ஓடுவது, இலவசமாகவும் கிடைக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் ஆகியவையும் சோதித்துப் பார்க்கத் தகுந்தவை. ஆங்கிலத்துக்கு 3.5 மி.மீ. என்றால் தமிழுக்கு ஒரு படி ஏற்றி 5 மி.மீ., படம் கைப்பேசிக்குப் போகும் என்று தெரிந்தால் 7 மி.மீ. வையுங்கள். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சுருக்காமல் சொல்லைச் சுருக்குங்கள். ‘படுக்கையறை’ என்பதை ‘படுக்கை’ என்று போட்டால் யாருக்கும் புரியும். கோப்பை வெளியே அனுப்பும்போது எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். எந்த எழுத்துருவை முடிவு செய்தாலும், ‘ண, ன, ர, ற, ள, எ, ஏ, ணு’ இவற்றோடு 3, 5, 6, 8 என்ற எண்களையும் ஒரு தாளில் போட்டு, பாதியாகச் சுருக்கி நகலெடுத்து, அந்த நகலையும் நகலெடுத்து, பணியிடத்து வெளிச்சத்தில் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் எழுத்துரு, எவ்வளவு அழகாக இருந்தாலும், வரைபடத்துக்கு ஆகாது.

மற்ற வேலை நிறுவனங்களுடையது. பி.ஐ.எஸ். என்னும் இந்தியத் தர நிர்ணய அமைவனம், தமிழ் எழுத்துருக்களை வெளியிட்டு வரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து வரைபடத் தமிழுக்கு ஒரு தரத்தையும், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ஓர் ஒற்றைக்கோட்டு எழுத்துருவையும் செய்து தர வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்கும் குழுவில் ஆரணியிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ கட்டத்தாள் போடும் ஒருவருக்கும் இடம் கொடுங்கள்.